வழக்கமாக வரும் ஆள்

அத்தியாயம் 14

மாலை நாலு மணிக்கு வரப்போகும் ஒரு மனிதருக்காக, நிர்வாகி அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டார்.

தெருவில் அவருக்கு 'நிர்வாகி' என்று பெயர். தெரு வைத்த பெயர் இல்லை. அவரே வைத்துக்கொண்டு தெருவைப் பழக்கிவிட்டார். முப்பத்தாறு வருடம் ஒரு பெரிய அலுவலகத்தின் எழுதுபொருள் பிரிவைக் கட்டி மேய்த்தவர். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு குண்டூசிகூட அலமாரியைத் தாண்டியதில்லை. அந்த அனுபவத்தை உலகம் இழந்துவிடக் கூடாதே என்று, ஓய்வு பெற்ற மறுநாளே புத்தகம் எழுத உட்கார்ந்தார். தலைப்பு 'நான் நிர்வகித்தேன்'. தலைப்பு முடிந்து நாலு வருடம் ஆகிறது.

முன்னுரை ஒன்று வந்துவிட்டால் புத்தகம் தானே பின்னால் வந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. முன்னுரை தருவதற்கு அவருடைய அலுவலகத்தின் பழைய டைரக்டர் போன வாரம் ஒப்புக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்கு வர்றேன்யா. அந்த மெஷின் காபி ஒண்ணு குடிச்சுட்டுப் பேசுவோம்" என்றார். தொலைபேசியை வைத்த கையோடு நிர்வாகி மருமகளைக் கூப்பிட்டுச் சொன்ன வாக்கியமும் வாசகர்களுக்கு மறந்திருக்காது.

"இந்த ஞாயித்துக்கிழமை மட்டும் உங்க அப்பாவை வர வேண்டாம்னு சொல்லிடும்மா. பெரிய மனுஷங்க பேசுற இடம்."

மருமகளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊசி இறங்கியதே தெரியாமல் ரத்தம் எடுப்பாள் என்று பெயர் வாங்கியவள். அன்று மாமனாரை அப்படித்தான் பார்த்தாள். குத்தியது அவருக்குத் தெரியவே இல்லை.

அவளுடைய அப்பா, அதாவது நிர்வாகியின் சம்பந்தி, அலுவலகங்களில் இருக்கும் காபி மெஷின்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக். ஞாயிறு தவறாமல் மகளைப் பார்க்க வருவார். கூடத்தில் ஜன்னலோரம் உள்ள நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காபி குடிப்பார். சம்பந்திகள் இருவரும் அரை மணி நேரம் உலகத்தைத் திட்டுவார்கள். பிறகு அவர் கிளம்பிப் போவார். வர வேண்டாம் என்ற செய்தி போனதும், "அதுக்கென்னம்மா, பக்கத்துத் தெரு ஆபீஸ்ல ஒரு ஞாயித்துக்கிழமை வேலை இருக்கு. அதைப் பிடிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டாராம்.

கூடத்து மேஜைமேல் சின்ன விரிப்பில், சாமான் என்று சொன்னால் கோபித்துக்கொள்வது போல உட்கார்ந்திருக்கிறதே அந்த மெஷின், அது அவர் கொடுத்ததுதான். ஏதோ ஒரு அலுவலகம் வேண்டாம் என்று ஒதுக்கியதை வாங்கி, மூன்று ஞாயிறு உட்கார்ந்து கழற்றித் துடைத்து, வாஷர் மாற்றிக் கொண்டுவந்து வைத்தார். ஒரு தடவைக்கு ஒரே ஒரு கோப்பை. கட்டைவிரல் பருமனில் ஒரு கேப்ஸ்யூல், உள்ளே காபித்தூள், மேலே காகிதம் போல மெல்லிய அலுமினியத் தகடு. அதைப் போட்டு நெம்புகோலை இறக்கினால் ஊசி குத்தும், வெந்நீர் பாயும், நுரை பொங்கும்.

"பையன் வெளிநாட்டிலேர்ந்து அனுப்பினான்" என்பது நிர்வாகி ஊருக்குச் சொன்ன கதை. பையனுக்கு வேலை இருநூறு மைல் தள்ளி. வெளிநாட்டை அவன் டிவியில்தான் பார்த்திருக்கிறான்.

இத்தோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை.

கேப்ஸ்யூல் விலை நிர்வாகியின் நெஞ்சில் ஊசியைவிட ஆழமாகக் குத்தியது. அதனால் சனிக்கிழமை மதியங்களில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, காலியான கேப்ஸ்யூல்களைக் கழுவி, கடையில் கிடைக்கும் சாதாரணத் தூளை அடைத்து, சமையலறையில் சாப்பாடு சுற்றும் தகட்டை வட்டமாக வெட்டிப் பள்ளிக்கூடப் பசையால் ஒட்டிவந்தார். வீட்டில் எல்லாரும் அவர் புத்தகம் எழுதுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். கேப்ஸ்யூலில் மறைக்கலாம் என்று எட்டு மாதமாக நிரூபித்துவந்தார். வீட்டுக்கு ஒட்டியது, விருந்தாளிக்கு அசல். குழப்பம் வராமல் இருக்க, ஒட்டியதன் அடியில் பென்சிலால் ஒரு புள்ளி. எழுதுபொருள் பிரிவு கற்றுக்கொடுத்த ஒழுங்கு.

சாயங்காலம் மூன்றரைக்கு, கண்ணாடிக் கிண்ணத்தில் பளபளவென்று அடுக்கியிருந்த கேப்ஸ்யூல்களைப் பார்த்து அவருக்குப் பெருமை பொங்கியது. ஒன்றை எடுத்துத் திருப்பினார். புள்ளி இல்லை. அடுத்ததிலும் இல்லை. எதிலுமே இல்லை.

"என்னங்க அப்படிப் பாக்கறீங்க?" என்றாள் மனைவி. "பெரிய மனுஷர் வர்றாரேன்னு ஈரத்துணியால ஒவ்வொண்ணா துடைச்சேன். அடியில ஏதோ பென்சில் கறை வேற. தேய்ச்சுத் தேய்ச்சு எடுத்தேன்."

"எதுக்குடி தேய்ச்ச?"

"கறையைத் தேய்க்காம பொட்டு வெச்சுக் கொண்டாடுவாங்களா?"

அதற்கு மேல் கேட்டால் தானே அகப்பட்டுக்கொள்ள வேண்டும். வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

*

டைரக்டர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த பிறகுதான் அது நாற்காலி ஆனது என்பது போல நிர்வாகி பக்கத்தில் நின்றார்.

"என்னய்யா, உக்காரு."

"இருக்கட்டும் சார்."

"ரிட்டையர் ஆயிட்டோம்யா. இன்னும் என்ன நிக்கிறே?"

நிர்வாகி பாதி உட்கார்ந்தார். உள்ளிருந்து மனைவியும் மருமகளும் வந்து வணக்கம் சொன்னார்கள். "இது மருமகள் சார். லேப்ல இருக்கா" என்று அறிமுகம் செய்தார். "நல்லதும்மா, நல்லது" என்றார் டைரக்டர். பிறகு மேஜையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "ஓ, இதானா உன் மெஷின்! நம்ம வீட்டுலயும் இதே மாடல்தான்."

நிர்வாகிக்கு உச்சி குளிர்ந்தது. கிண்ணத்தில் கையைவிட்டார். உள்ளதற்குள் மிகவும் அசலாகத் தெரிந்த ஒன்றைப் பொறுக்கி எடுத்துப் போட்டார். நெம்புகோலை இறக்கினார். பொத்தானை அமுக்கினார்.

மெஷின் ஒரு தடவை முனகியது. பிறகு தொண்டையில் முள் சிக்கிய ஆள் போலக் கரகரத்தது. சிவப்பு விளக்கு மினுங்கியது. கோப்பையில் ஒரு சொட்டு விழுந்தது. இரண்டாவது சொட்டு வருவதாக இல்லை. நெம்புகோலைத் தூக்கப் பார்த்தார், அது அசையவில்லை. முந்தின நாள் ஒட்டியவற்றுக்கு, உறுதிக்கு இருக்கட்டும் என்று பசையைக் கொஞ்சம் தாராளமாக விட்டிருந்தது அந்த நேரத்தில்தானா ஞாபகம் வரவேண்டும்!

"என்னய்யா, உன் நிர்வாகம் வேலைநிறுத்தம் பண்ணுதா?" என்று டைரக்டர் தொந்தி குலுங்கச் சிரித்தார்.

"ஒரு நிமிஷம் சார்" என்று நிர்வாகி சமையலறைக்கு ஓடினார். நெற்றியெல்லாம் வியர்வை. "யாராவது ஏதாவது பண்ணுங்களேன்! மானம் போகுது!"

"வெந்நீர் வெச்சு நான் கலந்து தர்றேன்" என்றாள் மனைவி.

"மெஷின் காபிக்காக வந்தவர்டி அவர்!"

மருமகள் நிதானமாகக் கேட்டாள். "அப்பா பக்கத்துத் தெருவுலதான் இருக்கார். கூப்பிடட்டுமா மாமா?"

"கூப்பிடும்மா! சீக்கிரம் வரச் சொல்லு!"

வர வேண்டாம் என்று சொன்ன அதே வாய்தான். அவருக்கு உறைக்கவில்லை. மருமகள் மட்டும் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள்.

*

பத்து நிமிடத்தில் சம்பந்தி வந்துவிட்டார். கம்பெனிச் சீருடை, மார்பில் சின்னம், தலையில் தொப்பி, கையில் கருவிப் பெட்டி. வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. கதவைத் தாண்டி ஒரு காலை வைத்து, முகமெல்லாம் சிரிப்பாக வாயைத் திறந்தார்.

அதற்குள் டைரக்டர் முந்திக்கொண்டார். "அட, மெக்கானிக் அதுக்குள்ள வந்தாச்சா? பரவாயில்லையே! யாருய்யா இவர், தெரிஞ்சவரா?"

ஒரு சின்னக் கேள்வி. அதற்கு ஒரே சொல்லில் பதில் உண்டு. அதைச் சொல்ல ஒரு நொடிகூட ஆகாது. அந்த நொடியில் நிர்வாகியின் மனது எங்கெல்லாமோ ஓடி வந்தது. சீருடையைப் பார்த்தது. மெஷின் வெளிநாட்டிலிருந்து வந்த கதையை நினைத்தது. முன்னுரையை நினைத்தது.

"ஆமா சார்" என்றார். "நம்ம வீட்டுக்கு வழக்கமா வர்ற ஆள்தான்."

சம்பந்தியின் வாய் திறந்தபடியே இருந்தது. மெல்ல மூடிக்கொண்டார். சமையலறை வாசலில் பாத்திரம் ஒன்று தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. விழுந்த சத்தம் அல்ல. பார்த்துப் பதமாக வைத்த சத்தம்.

சம்பந்தி தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"எந்த மெஷின் சார்?" என்றார்.

அந்த மேஜையை அளந்து, அந்த விரிப்பின்மேல், அந்த மெஷினைத் தன் கையால் தூக்கி வைத்தவர் அவர். நிர்வாகி விரலை நீட்டிக் காட்டினார்.

சம்பந்தி மண்டியிட்டார். பின்பக்கத் திருகுகளைக் கழற்றினார், நெம்புகோலை விடுவித்தார், நசுங்கிய கேப்ஸ்யூலை இடுக்கியால் வெளியே எடுத்தார். தகடு சுருண்டு, ஓரத்தில் வெள்ளைப் பசை நூல்நூலாகத் தொங்கியது. ஊசிமேலும் அதே பசை. முப்பது வருடத் தொழிலில் மெஷினின் எத்தனையோ வியாதிகளைப் பார்த்தவர். இது வியாதி இல்லை என்று பார்த்ததுமே தெரிந்திருக்கும். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உயர்த்தி நிர்வாகியைப் பார்த்தார்.

அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். ஒரு வருத்தம்தான் இருந்தது. பணம் பத்தவில்லை என்றால் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்கிற வருத்தம். நிர்வாகிக்குத் தரை பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது. கேட்டவுடன் தரை எப்போது பிளந்திருக்கிறது?

"என்னப்பா பிரச்சினை?" என்று டைரக்டர் எட்டிப் பார்த்தார்.

சம்பந்தி கேப்ஸ்யூலை உள்ளங்கையில் மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"தண்ணியில உப்பு சார். இந்தப் பக்கத்துத் தண்ணி அப்படி. ஊசியில படிஞ்சு அடைச்சுக்கும். மெஷின் மேலயும் தப்பில்ல, இவங்க மேலயும் தப்பில்ல."

"அப்படியா?" டைரக்டரின் குரல் திடீரென்று தணிந்தது. "நம்ம வீட்டு மெஷினும் ஒரு மாசமா மக்கர் பண்ணுது. இதே மாதிரிதான் கரகரன்னு ஒரு சத்தம். நெம்புகோல் தூக்க வராது. யாரையும் கூப்பிட்டுக் காட்டல."

"ஓரத்துல வெள்ளையா நூல் மாதிரி ஏதாவது ஒட்டிட்டிருக்கா சார்?"

டைரக்டர் கூரையைப் பார்த்தார். "இருக்குன்னு நினைக்கிறேன்."

"அப்ப அங்கயும் இதே தண்ணிதான் சார்" என்றார் சம்பந்தி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

வேறொரு நாளாக இருந்தால் இந்த இடத்தில் சம்பந்திகள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். நிர்வாகிக்கு இப்போது சிரிக்க அருகதை இல்லை.

மருமகள் கூடத்துக்கு வந்தாள். கையில் ஒரு டம்ளர் தண்ணீர். நேராக அப்பாவின் முன்னால் போய் நின்றாள். இதோ, 'அப்பா' என்று கூப்பிடப்போகிறாள். கூப்பிட்டுவிட்டால்கூடத் தேவலை என்று நிர்வாகிக்குள் ஒரு மூலை கெஞ்சியது.

"மெக்கானிக் சார்" என்றாள் அவள். "தண்ணி குடிக்கிறீங்களா?"

சம்பந்தி டம்ளருக்குக் கையை நீட்டினார். "குடும்மா" என்றார். எந்த வீட்டில் எந்தப் பெண் தண்ணீர் கொடுத்தாலும் சொல்கிற அதே 'ம்மா'. குடிக்கும்போது கொஞ்சம் சீருடையில் சிந்தியது.

"பாவம், களைச்சுப் போயிருக்கார். அவருக்கும் ஒரு காபி போட்டுக் குடுய்யா" என்றார் டைரக்டர்.

"வேண்டாம் சார். வேலை நேரத்துல குடிக்கிறதில்ல."

"ரசீது எழுதுவீங்கல்ல? எல்லாம் முறைப்படி இருக்கணும்" என்றார் டைரக்டர். இப்படிக் கேட்டே பெரிய மனிதர் ஆனவர்.

சம்பந்தி ஊசியில் இருந்த பசையைச் சுரண்டித் துடைத்துத் திருகுகளை முடுக்கினார். பெட்டியிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்து, முழங்காலில் வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்தார்.

"பேரு என்ன சார் போடட்டும்?"

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரே கல்யாணப் பத்திரிகையில் எதிரெதிரே அச்சான பெயர்கள். அச்சுப்பிழை திருத்த இருவரும் சேர்ந்துதான் அச்சகத்துக்குப் போனார்கள். நிர்வாகி தன் பெயரைச் சொன்னார். எழுத்துக்கூட்டி இன்னொரு தரம் சொன்னார். பிறகு காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு நம்ம வீட்டுக்கு வந்துடுங்க" என்று டைரக்டர் சம்பந்தியிடம் விலாசச் சீட்டை நீட்டினார். நிர்வாகியின் தோளில் தட்டினார். "நீயும் வாய்யா. மெஷினையும் பாத்துடுவோம், முன்னுரையையும் கையில குடுத்துடறேன்."

"வர்றேன் சார்" என்றார் சம்பந்தி. அது எந்த சாருக்கு என்று தெரியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினார்.

மெஷின் அதன்பிறகு சொக்கத்தங்கமாக வேலை செய்தது. டைரக்டர் ரெண்டு கோப்பை குடித்தார். "ஒண்ணாந்தரம்" என்றார். இரண்டாவது கோப்பை ஒட்டியதிலிருந்து வந்தது என்பது நிர்வாகிக்கு வாசனையிலேயே தெரிந்தது.

*

கார் போனதும் மனைவி காலிக் கோப்பையை எடுத்தாள்.

பிறகு அவள்தான் ஆரம்பித்தாள். "முப்பத்தாறு வருஷம் ஒரு ஆபீஸையே கட்டி மேய்ச்சேன்னு சொல்வீங்களே. இன்னைக்கு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தையை நிர்வாகம் பண்ண முடியலையா?"

"சொல்ல நேரமில்லடி."

"'வழக்கமா வர்ற ஆள்'னு மூணு வார்த்தை சொல்ல நேரம் இருந்துச்சே."

மருமகள் உள்ளிருந்து வந்தாள். மூட்டை முடிச்சோடு வருவாள் என்று பயந்தார். வெறுங்கையோடுதான் வந்தாள். அது இன்னும் பயமாக இருந்தது.

"மாமா, நாளைக்கு லேபுக்கு லீவு சொல்லிட்டேன்."

"எதுக்கும்மா?"

"அப்பாவுக்கு முட்டி வலி. பெட்டி கனமா இருக்கு. டைரக்டர் வீட்டுக்கு நான் கூடப் போய்ப் பெட்டி தூக்கப் போறேன்."

நிர்வாகிக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. நாளைக் காலை பத்து மணி. டைரக்டர் வீட்டு சோபாவில் அவர். கதவைத் திறந்து உள்ளே வருவது மெக்கானிக். அவருக்குப் பின்னால் பெட்டியோடு, டைரக்டர் இன்று நேரில் பார்த்து 'நல்லதும்மா' என்று சொன்ன அதே மருமகள்.

"வேண்டாம்மா" என்றார். "நான் என்ன சொன்னாலும் கேக்க மாட்டியா?"

"கேப்பேன் மாமா. நீங்க சொன்னதை எல்லாம் கேட்டுட்டுதான் இருக்கேன். கதவுக்குப் பின்னாடி நின்னு."

அவள் உள்ளே போய்விட்டாள். நிர்வாகி போனை எடுத்துச் சம்பந்தியைக் கூப்பிட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"சொல்லுங்க சார்."

அந்த 'சாரில்' குத்தல் எதுவும் இல்லை. அதுதான் குத்தியது.

"சம்பந்தி... நான் சொன்னது தப்பு. வாய் தவறி..."

"வாய் தவறல. வாய் அதும்பாட்டுக்குச் சரியாத்தான் சொல்லிச்சு. விடுங்க."

"மன்னிச்சிடுங்கன்னு சொல்லத்தான்..."

"என்கிட்ட எதுக்கு?" மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு. "நான் உங்களுக்கு யாருன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். தெரியாதவர் ஒருத்தர்தான். அவர்கிட்ட சொல்லுங்க. பொண்ணு நாளைக்குப் பெட்டி தூக்கணுமா வேண்டாமான்னு அதுக்கப்புறம் பாக்கலாம்."

போன் அடங்கிவிட்டது.

நிர்வாகி கூடத்தில் இப்படியும் அப்படியும் நாலு நடை நடந்தார். முன்னுரை போனால் போகட்டும் என்று ஒரு நடை, எப்படிப் போகட்டும் என்பது என்று மறு நடை. சமையலறை வாசலில் மனைவி முகத்தைத் துணியால் துடைத்தபடி நின்றாள். அவர் நின்றால்தான் தானும் நகர்வது என்பது போல.

டைரக்டரின் எண்ணை அழுத்தினார்.

"என்னய்யா, இப்பதானே வந்தேன்! உன் காபியைப் பத்தித்தான் இங்க பேச்சு. இரு இரு, பொண்ணு, மாப்பிள்ளை எல்லாம் உக்காந்திருக்காங்க, ஸ்பீக்கர்ல போடறேன்." போனுக்குள் ஒரு பெரிய கூடம் திறந்துகொண்டது. குழந்தை ஒன்று சிரித்தது, யாரோ "யாருப்பா?" என்று கேட்டார்கள். "ம், இப்ப சொல்லு. எல்லாரும் கேக்கறாங்க."

வைத்துவிடலாம். ராங் நம்பர் என்றுகூடச் சொல்லிவிடலாம். உள்ளறைக் கதவு சற்றே திறந்திருப்பதை நிர்வாகி பார்த்தார். அதற்குப் பின்னால் ஒரு புடவை ஓரம் அசையாமல் நின்றது.

"சார்" என்றார். "எனக்கு ஒரு சம்பந்தி இருக்கார் சார்."

"அப்படியா? சொல்லவே இல்லையே!" என்றார் டைரக்டர் கலகலப்பாக. "என்ன பண்றார்?"